ஆல்பர்ட் பைக்குக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்

கேள்வி தொண்டியிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போகும் ஒரு தம்பியுடையது. "ஆல்பர்ட் பைக் என்ற அமெரிக்க வக்கீல் உலக ஃப்ரீமேசன்களுக்கெல்லாம் தலைவராக இருந்தாராமே, நிஜமா? 1871லேயே மூன்று உலகப் போரும் எப்படி நடக்கும் என்று கடிதம் எழுதி வைத்துவிட்டாராம். எங்கள் மாமா தினமும் இலுமினாட்டி வீடியோ அனுப்புகிறார். பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரும் மேசன்தான் என்கிறார். கடைசியாக ஒன்று: வக்கீல்கள் இதில் சேர்ந்தால் தொழிலுக்கு நல்லதா?"

தம்பி, சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். பைக் என்று ஒருவர் இருந்தது உண்மை. வக்கீல் என்பதும் உண்மை. உலகத் தலைவர் என்பது பொய். கடிதம் சுத்தப் பொய். விவேகானந்தர் விஷயம், நீங்கள் நம்பமாட்டீர்கள், உண்மை. கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் இராமநாதபுரம் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக சிவில் வழக்கு பார்க்கிறவன். பத்திரம் படிப்பதுதான் என் பிழைப்பு. மண்டபம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது, முன்பணம் கொடுக்கலாமா என்று யாராவது வந்தால், முதலில் மூலப்பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்பேன். அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பேன். பாதிப் பேர் ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸைக் கொண்டுவருவார்கள். "ஒரிஜினல் பெரியப்பா வீட்டில் இருக்கிறது" என்பார்கள். பெரியப்பாவைக் கேட்டால் அவர் சின்னம்மாவைக் கைகாட்டுவார். ஐந்து கை தாண்டிப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. பைக்கின் கடிதத்தைத் தேடிப் போன கதையும் இதேதான். ஆனால் பெரியப்பா, சின்னம்மா இடத்தில் இருந்த ஆசாமிகள் கொஞ்சம் சுவாரசியமானவர்கள்.

முதலில் இந்த மேசன் சமாச்சாரம். நம் ஊரில் மேசன் என்றால் கொத்தனார். என் மேசையில் இதைப் பற்றிய ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு, உச்சிப்புளியிலிருந்து பாகப்பிரிவினை வழக்குக்காக வந்த ஒரு கொத்தனார், "எங்க சங்கத்துக்கு லண்டன்ல கூட ஆபீஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தேவாலயம் கட்டிய கல்தச்சர்களின் சங்கங்களில் மெல்ல மெல்லக் கரண்டியே பிடிக்காத கனவான்கள் வந்து சேர்ந்தார்கள். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் ஒரு மதுக்கடையில் நான்கு லாட்ஜுகள் (தங்கும் விடுதி அல்ல, மேசன்களின் உள்ளூர்க் கிளைக்கு அதுதான் பெயர்) கூடி ஒரு தலைமைச் சபையை அமைத்தன. இன்றுள்ள ஃப்ரீமேசன் அமைப்பு அங்கிருந்துதான் கணக்கு. மூலைமட்டமும் கவராயமும் சின்னம். உறுப்பினருக்கு மூன்று படிகள். அவற்றுக்கு ஆங்கிலத்தில் பெரிய பெரிய பெயர்கள் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. அவ்வளவுதான். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன நாடகம், ஒரு சத்தியம், கட்டட வேலையை வைத்து ஒரு நீதி உபதேசம்.

உலகத்துக்கு ஒரே தலைவர் என்று இந்த அமைப்பில் எவரும் கிடையாது. நாட்டுக்கு நாடு, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம், தனித்தனித் தலைமைச் சபை. நம் நாட்டுக்கு என்று ஒன்று 1961 நவம்பர் 24 அன்று டெல்லியில் தொடங்கியது. ராம்பூர் நவாப் சையது ராசா அலி கான் முதல் தலைவர். பைக் தலைமை வகித்தது இதில் சேராத இன்னொரு கிளைக்கு. மூன்று படி முடித்தவர்கள் விருப்பப்பட்டால் மேல்படிப்பு மாதிரி 4 முதல் 32 வரை படிகள் ஏறலாம், 33வது ஒரு கௌரவம். இதற்கு ஸ்காட்டிஷ் ரைட் என்று பெயர். பெயரில்தான் ஸ்காட்லாந்து, வேர் பிரான்சில். அமெரிக்காவில் அது வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தெற்குப் பகுதிக்கு பைக் 1859 முதல் 1891ல் சாகும் வரை 32 வருஷம் தலைவர். அவரை உலக மேசன்களின் தலைவர் என்பது, மதுரையில் ஒரு வக்கீல் சங்கத் தலைவரை உலக வக்கீல்களின் தலைவர் என்பது போல.

சரி, ஆள் யார்? 1809 டிசம்பர் 29ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஹார்வர்டில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் போயிற்று. கொஞ்ச காலம் வாத்தியார் வேலை. 1831ல் மேற்கே கிளம்பினார். வழியில் குதிரை மிரண்டு ஓடிவிட, நியூ மெக்சிகோவில் டாவோஸ் என்ற ஊர் வரை சுமார் 500 மைல் நடந்தே போனார். இராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு நடந்து, அதற்கு மேலும் நெல்லூர் தாண்டிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அர்கன்சா மாநிலத்தில் வந்து ஒதுங்கினார். அங்கேயும் வாத்தியார், அப்புறம் பத்திரிகைக்காரர், அப்புறம் அந்தப் பத்திரிகைக்கே சொந்தக்காரர். சட்டத்தை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, தானாகவே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார். 1837ல் பத்திரிகையை விற்றுவிட்டு முழுநேர வக்கீலானார். அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளை முதன்முதலாகத் தொகுத்து வெளியிட்டவர் அவர்தான். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும்.

ஆள் ஆறடிக்கு மேல் உயரம், தோளில் புரளும் முடி, பெரிய உடம்பு, கவிதை வேறு எழுதுவார். கோபமும் அதிகம். மெக்சிகோ போரில் குதிரைப்படை கேப்டனாகப் போய்விட்டு வந்து, தன் மாநிலப் படை ஒழுங்காகச் சண்டை போடவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். அந்தப் படையின் தலைவர் ஜான் ரோன் சும்மா இருப்பாரா? 1847 ஜூலையில் இருவரும் ஆற்றுக்கு அக்கரையில் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு குண்டு. இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ரோன் பிறகு அர்கன்சா கவர்னரானார்.

வக்கீலாக அவர் பெயர் நிற்பது சாக்டா வழக்கில். சாக்டா என்பது அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு பெரிய இனம். 1830ல் ஒப்பந்தம் என்ற பெயரில் அவர்களை மிசிசிப்பி நிலத்திலிருந்து ஆற்றுக்கு மேற்கே விரட்டினார்கள். அந்த நிலத்தை அரசு விற்றுக் காசாக்கியது. விற்ற தொகையில் செலவு போக மீதி எங்களுக்குச் சேரவேண்டும் என்பது சாக்டாக்களின் வாதம். 1850களில் பைக் அவர்களுக்காக வாஷிங்டனில் இறங்கி வேலை பார்த்தார். 1859ல் செனட் சுமார் 29 லட்சத்து 81 ஆயிரம் டாலர் என்று கணக்குப் போட்டது. போட்டதோடு சரி. உள்நாட்டுப் போர் வந்தது, கட்சிகள் மாறின, கமிட்டிகள் உட்கார்ந்தன. உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டது 1886ல். தாத்தா போட்ட வழக்குக்குப் பேரன் தீர்ப்பு நகல் வாங்கும் ஊர்க்காரர்கள் நாம், இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன?

அந்தக் காலகட்டத்திலேயே நம் ஊர் வழக்கு ஒன்றும் கடல் கடந்து போயிருந்தது. ராம்நாட் வழக்கு என்று இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் இந்துச் சட்ட வகுப்பில் வரும். வாரிசு இல்லாத ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லாது, சமஸ்தானம் அரசுக்கே என்று மதுரை கலெக்டர் வாதாடினார். 1868ல் லண்டன் பிரிவி கவுன்சில், அன்றைக்கு நமக்கெல்லாம் கடைசி அப்பீல் மன்றம், தத்து செல்லும் என்றது. கணவன் அனுமதி தராவிட்டாலும் பங்காளிகளின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்றும், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்காறு எழுதிய நூலையும் மிஞ்சும் என்றும் அதில்தான் சொன்னார்கள். அந்த முத்துராமலிங்கத்தின் மகன்தான் பாஸ்கர சேதுபதி. இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பைக்கை நல்லவராகக் காட்டுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. பழங்குடிகளின் வக்கீலாகச் சம்பாதித்த நம்பிக்கையை அவர் எங்கே செலவழித்தார் தெரியுமா? 1861ல் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தூதராக அதே பழங்குடிகளிடம் போனார். சாக்டா, கிரீக், செரோக்கி இனங்களைத் தெற்கோடு ஒப்பந்தம் போட வைத்தார். தெற்குப் படையில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1862 மார்ச்சில் பீ ரிட்ஜ் போரில் அவர் கீழ் இருந்த பழங்குடி வீரர்கள் சிலர் விழுந்துகிடந்த எதிரிகளின் தலைத்தோலை உரித்தார்கள் என்று பெரிய சர்ச்சை ஆயிற்று. அப்புறம் மேலதிகாரிகளோடு சண்டை, பகிரங்கமாகக் குற்றச்சாட்டு, ராஜினாமா, கைது. ராணுவ வாழ்க்கை ஒரு வருஷத்தில் முடிந்தது.

அதற்கு முந்தியும் பிந்தியும் அவர் எழுதியதும் செய்ததும் அச்சில் இருக்கிறது. 1858ல், அர்கன்சாவில் அடிமையாக இல்லாத கறுப்பர்களையும் மாநிலத்தை விட்டே வெளியேற்ற வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர். போர் முடிந்து 1868ல் மெம்ஃபிஸ் பத்திரிகையில், கறுப்பர்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்கிற வெள்ளையர் அனைவரையும் ஒரு ரகசிய அமைப்பில் திரட்ட வேண்டும் என்று எழுதினார். 1875ல் எழுதிய ஒரு கடிதத்தில், கறுப்பர்களைச் சகோதரர்களாக ஏற்கத்தான் வேண்டும் என்றால் மேசன் அமைப்பையே விட்டுவிடுவேன் என்றார். இது நிஜக் கடிதம், தம்பி. உங்கள் மாமாவின் வீடியோவில் இது வருகிறதா என்று பாருங்கள். வராது. எனக்கு எரிச்சல் வருவதே இந்த இடத்தில்தான். உண்மையில் செய்த குற்றத்துக்குச் சாட்சியும் கையெழுத்தும் இருக்கும்போது அதை விட்டுவிட்டு, செய்யாத குற்றத்துக்கு ஆளை இழுத்து வருகிறார்கள்.

மேசனாக அவர் சேர்ந்தது 1850ல், 40 வயதில். 1853ல் சார்ல்ஸ்டன் நகரில் ஸ்காட்டிஷ் ரைட்டின் 32வது படி வரை பெற்றார். அந்தக் காலத்தில் அது உறுப்பினர் அதிகம் இல்லாத, சடங்கு நூல்கள் அரைகுறையாகக் கிடந்த ஒரு கிளை. பைக் உட்கார்ந்து அத்தனை படிகளின் சடங்கையும் திருத்தி எழுதினார். ஆறு வருஷத்தில் அவரே தலைவர். 1871ல் 'மாரல்ஸ் அண்ட் டாக்மா' என்ற 861 பக்கப் புத்தகத்தை வெளியிட்டார். அதில் பாதி மற்றவர்கள் எழுதியதிலிருந்து எடுத்துச் சேர்த்தது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். படிக்க உட்கார்ந்தேன், நூறு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. எகிப்து, பாரசீகம், யூத மறைஞானம், கிரேக்கம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுக் கிண்டிய கூட்டு. வயதான காலத்தில் ரிக் வேதத்தில் இறங்கி அதைப் பற்றியும் ஆயிரக்கணக்கில் பக்கங்கள் எழுதித் தள்ளினார். 1891 ஏப்ரல் 2ல் வாஷிங்டனில் இறந்தார். தன்னை எரிக்கச் சொல்லியிருந்தார், புதைத்துவிட்டார்கள். 1944ல் எடுத்துவந்து அந்தக் கிளையின் தலைமையகக் கட்டடத்திலேயே வைத்தார்கள்.

இப்போது பொய்க்கு வருவோம். இதைத்தான் நான் ரசித்துப் படித்தேன்.

லியோ டாக்ஸில் என்பது புனைபெயர். 1854ல் பிரான்சின் மார்சே துறைமுக ஊரில் பிறந்த ஆள். 19 வயதில் செய்த முதல் வேலை, மீனவர்கள் எழுதியது போலப் பத்திரிகைக்குப் பொய்க் கடிதங்கள் அனுப்பியது. கடலோரத்தில் சுறாக் கூட்டம் சுற்றுகிறது, மயிரிழையில் தப்பினோம் என்று. ஊர் நடுங்கிவிட்டது. கடலில் குளிக்க ஆள் இல்லை. ஆயுதம் ஏந்திய வீரர்களோடு கப்பல் அனுப்பித் தேடினார்கள், ஒரு சுறாவும் இல்லை. நம் தென்கடல் பக்கம் வந்து இந்தக் கதையை விட்டிருந்தால் எடுபட்டிருக்காது. சுறா வந்திருக்கிறது என்றால் நம் ஆட்கள் என்ன எடை என்றுதான் கேட்பார்கள், வீட்டில் புட்டுக்குத் தேங்காய் திருவ ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்து ஜெனீவா ஏரிக்கு அடியில் ஒரு பழைய நகரம் மூழ்கிக் கிடக்கிறது என்று கிளப்பிவிட்டார். அதையும் நம்பினார்கள்.

பிறகு கத்தோலிக்கத் திருச்சபையைக் கேவலமாகத் திட்டிப் புத்தகம் போட்டுப் பிழைத்தார். மேசன் லாட்ஜில் சேர்ந்தார், கொஞ்ச நாளிலேயே வெளியேற்றினார்கள். 1884ல் போப் 13ஆம் லியோ ஃப்ரீமேசன்களைக் கடுமையாகக் கண்டித்து ஒரு மடல் வெளியிட்டார். டாக்ஸில் அதில் வியாபாரத்தைப் பார்த்தார். 1885ல் மனம் திருந்தியதாக நடித்து, திருச்சபையிடம் மன்னிப்புக் கேட்டு, மேசன்களின் 'ரகசியங்களை' எழுத ஆரம்பித்தார். 1887ல் போப்பே அவரைச் சந்தித்தார். புத்தகங்கள் பறந்தன. பைக் இறந்த அடுத்த வருஷம், 1892ல், பெரிய தொடர் ஒன்று ஆரம்பமாயிற்று. பலாடியம் என்று ஒரு உச்ச ரகசிய அமைப்பு, அது லூசிபரை, அதாவது சாத்தானை, வணங்குகிறது, தலைமையிடம் சார்ல்ஸ்டன், அதன் போப் ஆல்பர்ட் பைக். இறந்தவர் எழுந்து வந்து நோட்டீஸ் அனுப்பப் போவதில்லையே.

அந்தத் தொடரில் ஒரு கப்பல் டாக்டர் உலகம் முழுக்கச் சுற்றிப் பேய் வழிபாட்டைக் கண்ணால் பார்ப்பார். எங்கெல்லாம் பார்க்கிறார் என்றால் இலங்கையில் காலி என்ற ஊர், அப்புறம் நம் புதுச்சேரி, அப்புறம் கல்கத்தா. இந்த நாட்டுக் கோயிலையும் சாமியாரையும் பற்றி பாரீஸ்காரர்களுக்கு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற தைரியம். இன்னொரு காட்சியில் ஒரு பேய் முதலை உருவத்தில் வந்து பியானோ வாசிக்கும். அதையும் படித்துவிட்டு நம்பினார்கள் என்பதை நினைத்தால், மாமாவை ரொம்பக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றுகிறது. டயானா வாகன் என்று ஒரு பெண் பேயுலகத்திலிருந்து தப்பித்து மனம் மாறிவிட்டதாக எழுதினார். மதகுருமார்கள் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். அவளை நேரில் காட்டு என்று நெருக்குதல் அதிகமானபோது, 1897 ஏப்ரல் 19 அன்று பாரீசில் புவியியல் சங்க அரங்கில் கூட்டம் கூட்டினார். முதலில் ஒரு தட்டச்சு இயந்திரத்தைக் குலுக்கல் போட்டுப் பரிசு கொடுத்தார். அப்புறம் மேடையேறி, பன்னிரண்டு வருஷமாக நான் சொன்ன அத்தனையும் பொய், சுறாவிலிருந்து பைக் வரை எல்லாம் என் கற்பனை, டயானா வாகன் என்பது என் டைப்பிஸ்ட் பெயர் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். கூட்டம் கொதித்தது. போலீஸ் பாதுகாப்போடு வெளியேறினார்.

குற்றவாளியே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த பிறகு வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒப்புதலைப் படித்தவர்கள் கொஞ்சம், கதையைப் படித்தவர்கள் ஏராளம். பேய்க் கதையிலிருந்த பைக்கின் 'சதித் திட்டம்' 1920களில் சிலி நாட்டுப் பேராயர் ஒருவரின் புத்தகத்தில் ஏறியது. அதிலிருந்து வில்லியம் கை கார் என்ற கனடா கடற்படை அதிகாரி 1950களில் எழுதிய புத்தகத்துக்கு வந்தது. மூன்று உலகப் போர் என்ற வடிவத்தை அது எடுத்தது அங்கேதான். 1871 ஆகஸ்ட் 15 தேதியிட்டு பைக் இத்தாலியப் புரட்சித் தலைவர் மாஜினிக்கு எழுதியதாம், லண்டன் பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் இருக்கிறதாம். கேட்டவர்களுக்கெல்லாம் மியூசியம் அப்படி ஒன்று இல்லை என்று பதில் சொன்னது. காரே பிந்திய புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில், அங்கே அது பட்டியலில் இல்லை என்று சொன்னார்கள் என எழுதிவிட்டார். மூலப்பத்திரம் இல்லை, வாங்கினவரே கைவிரித்துவிட்டார். ஆனால் ஜெராக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, இப்போது தமிழில் டப்பிங்கோடு.

பத்திரம் போலி என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு எளிய வழி உண்டு. பத்திரத்தின் தேதிக்கு அப்புறம் வந்த பெயர் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்போம். 1970ல் எழுதிய கிரயப் பத்திரத்தில் சொத்து விருதுநகர் மாவட்ட எல்லையில் என்று இருந்தால் அதை அப்படியே மடித்துக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் அந்த மாவட்டமே 1985ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது வந்தது. 1871 கடிதத்தில் ஹிட்லரின் நாசிசம் வருகிறது, யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிசம் வருகிறது. சியோனிசம் என்ற சொல்லே 1890ல்தான் பிறந்தது. நாசிக் கட்சி 1920ல். அவ்வளவுதான் வழக்கு.

லூசிபர் விஷயமும் அப்படித்தான். பைக் தன் புத்தகத்தில் லூசிபர் பற்றி எழுதியது என்னவென்றால், ஒளியைச் சுமப்பவன் என்று பொருள்படும் பெயரை இருளின் ஆவிக்குப் போய் வைத்திருக்கிறார்களே என்ற வியப்பு. லத்தீனில் அது விடிவெள்ளிக்குப் பெயர். நம் தமிழ் பைபிளில் ஏசாயா 14வது அதிகாரத்தில் 'அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். தங்கச்சிமடத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் விடிவெள்ளியைக் காட்டி நேரம் சொல்வார். 1889 ஜூலையில் லூசிபரே கடவுள் என்று பைக் பிரகடனம் செய்ததாக வரும் இன்னொரு மேற்கோளும் அந்த டாக்ஸில் கடைச் சரக்குதான்.

இனி விவேகானந்தர். அவர் அப்பா விசுவநாத தத்தர் கல்கத்தா உயர் நீதிமன்ற வக்கீல். மகனும் சட்டம் படித்தார், முடிக்கவில்லை. 1884 பிப்ரவரி 19 அன்று நரேந்திரநாத் தத்தர், அதுதான் அவருடைய அன்றைய பெயர், கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் சேர்ந்தார். சேர்ந்த சில நாளிலேயே அப்பா இறந்துவிட்டார். மே 20ல் மூன்றாம் படி, அதாவது மேஸ்திரி. அதே லாட்ஜில்தான் 1872ல் இந்துக்களுக்குக் கதவைத் திறந்து பிரசன்ன குமார் தத்தரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1863ல் அவர் விண்ணப்பித்ததிலிருந்து ஒன்பது வருஷப் போராட்டம் அது. இந்துக்களுக்குக் கடவுள் பல, எந்த நூலின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள் என்பதெல்லாம் விவாதம். கல்கத்தாவில் இந்தக் கதவு திறந்த மூன்றாம் வருஷம்தான் பைக் அமெரிக்காவில் கறுப்பர்களைப் பற்றி அந்தக் கடிதத்தை எழுதுகிறார்.

விவேகானந்தர் மேலைநாட்டிலிருந்து கொழும்பு வழியாகப் பாம்பன் வந்து இறங்கியது 1897 ஜனவரி 26. வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. லண்டனில் 1868 தீர்ப்பு மாறிப்போயிருந்தால் அந்த நாளில் கரையில் நின்றிருப்பவர் வேறு யாரோ, அனேகமாக கலெக்டர். டாக்ஸில் பாரீசில் தன் கடையை மூடியது அதே வருஷம், மூன்று மாதம் கழித்து.

இந்தியர்களில் முதலில் மேசனான பிரபு யார் என்று தேடினால் அதுவும் நம் ஊரில் வந்து முட்டுகிறது. ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத் உல் உமரா. 1770களில் திருச்சியில் லாட்ஜில் சேர்ந்தார். 1772ல் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தோடு படையெடுத்து வந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்து, சிறுவனாக இருந்த சேதுபதியைத் திருச்சிச் சிறைக்குக் கொண்டுபோனவரும் அவரே. சகோதரத்துவம் கோட்டைச் சுவருக்கு உள்ளே வரை வரவில்லை போல.

என் தாத்தா சென்னையில் ரயில்வே வேலை பார்த்தவர். மேசன் கட்டடத்தை அவர் 'தலைவெட்டிக் கோயில்' என்றுதான் சொல்வார். வடக்கே அதற்கு ஜாதூகர், மந்திர வீடு, என்று பெயர். சென்னையில் ஒரு மேசன் கோயிலைத் தினமும் ஆயிரம் பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள், தெரியாமலே. மெரினா சாலையில் இருக்கும் டிஜிபி அலுவலகம்தான் அது. 1839ல் மேசன்கள் கட்டியது. 1865ல் போலீஸ் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு வந்தது, 1874ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டது. இன்றைய மேசன் மண்டபம் எழும்பூரில் எத்திராஜ் சாலையில் இருக்கிறது. ஜூனியராக இருந்த காலத்தில் என் சீனியரோடு ஒரு குடும்ப விருந்துக்கு அங்கே போயிருக்கிறேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கத் தரை, சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். பாதிப் பேர் நீதிபதிகள், வக்கீல்கள், டாக்டர்கள். பிரியாணி சுமார்.

வாஷிங்டனில் பைக்குக்கு 1901ல் வைத்த சிலையை 2020 ஜூன் 19 இரவு கயிறு கட்டி இழுத்துத் தள்ளி எரித்தார்கள். அந்த நகரில் வெட்டவெளியில் நின்ற ஒரே தெற்குப் படைத் தளபதி சிலை அது. கையில் வாள் கிடையாது, புத்தகம்தான். 2025 அக்டோபரில் மறுபடி அதே இடத்தில் நிறுத்திவிட்டார்கள். தள்ளியவர்கள் காரணம் சொன்னது அடிமை முறைக்காகப் போரிட்டவர் என்று. பேய் வழிபாடு என்று யாரும் சொல்லவில்லை.

சேர்ந்தால் தொழிலுக்கு நல்லதா என்று கேட்டீர்களே. வயது 21 ஆகியிருக்க வேண்டும், கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டும், எந்த மதமானாலும் சரி, உறுப்பினர்கள் இருவர் முன்மொழிய வேண்டும். லாட்ஜுக்குள் மதமும் அரசியலும் பேசக்கூடாது. கேஸ் பிடிப்பதற்காகச் சேர்கிறவர்களை அவர்களுக்கே பிடிக்காது. விருந்துக்குப் போன அன்று என் சீனியர் என்னையும் சேரச் சொன்னார். நான் சேரவில்லை. ஊருக்கே திரும்பிவிடுவது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன். நம் கடற்கரையிலிருந்து மாலைக் கூட்டத்துக்கு வெளியூர் போய், சடங்கு முடித்து, சாப்பிட்டுக் கிளம்புவதற்குள் மதுரையிலிருந்து இராமநாதபுரத்துக்குக் கடைசி பஸ்ஸும் போயிருக்கும்.